எங்கள் சபையின் எதிர்க்கட்சித் தலைவர்

சாமுவேல் அண்ணன் போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலையில் இருந்தேன். அங்கே ஒரு மின்விசிறிக் கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவு என்னுடையது. அண்ணனின் மனைவி ரோஸ்லின் அக்காதான் போனில் கூப்பிட்டார். "எப்சி, மத்தியானம் சாப்ட்டு நாற்காலில சாஞ்சாரும்மா. டீ குடுக்கலாம்னு எழுப்பினேன், எழுந்திரிக்கல" என்றார். குரலில் அழுகை இல்லை. நான் வந்து எழுப்பினால் எழுந்துவிடுவார் என்று நம்புகிறவர் போலப் பேசினார்.

ஆவடிக்கு வரும் ரயிலில் உட்கார்ந்த பிறகுதான் எனக்குக் கண்ணீர் வந்தது. அதற்கு முன்னால் மனதில் வந்த நினைப்பைச் சொன்னால் அவரை அறிந்த நீங்கள் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டீர்கள். வரப்போகும் கமிட்டிக் கூட்டத்தில் புது ஒலிபெருக்கி வாங்கும் என் தீர்மானத்தை இனி யார் எதிர்ப்பார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

கோவில்பதாகையில் எங்கள் வீடும் அவர்கள் வீடும் ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்டவை. ஆவடியில் ராணுவ வண்டிகள் செய்யும் தொழிற்சாலையில் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர் அண்ணன். வேலையில் இருந்த காலத்திலும் அதற்குப் பிறகும் எங்கள் சபைக் கமிட்டிக்கு அவர்தான் செயலர். எதிர்த்துப் போட்டியிட யாரும் முன்வந்ததில்லை. ஞாயிறு ஆராதனை முடிந்து அவர் அறிவிப்பு வாசிக்க எழுந்தால் கைக்குழந்தைகள்கூட அழுகையை நிறுத்தும் என்பார்கள். அந்த அறிவிப்புகளில் ஒன்று மாதம் தவறாமல் வரும்: "சாயங்கால ஜெபக்கூட்டத்துக்கு வராம சீரியல் பாக்கற சகோதரிகள் மனந்திரும்பணும்." அதைச் சொல்லும்போது அவர் பார்வை நேராக ரோஸ்லின் அக்கா மீதும், அடுத்து என் மீதும் விழும். நாங்கள் பாட்டுப் புத்தகத்தில் எதையோ தேடுவோம்.

பிறகு அவருக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்தது. படுக்கையறைக்குப் போக இரண்டு படி ஏற வேண்டும் என்பதால் கட்டிலைக் கூடத்தில் போட்டார்கள். டிவியும் கூடத்தில்தான் இருந்தது. அந்தச் சமயத்தில் நானும் அக்காவும் இணையத்தில் வந்த ஓர் அரசியல் தொடரை டிவியில் போட்டு, தினமும் சாயங்காலம் ஓர் எபிசோடாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். கட்சி அலுவலகத்தில் தொலைபேசி எடுக்கும் செங்கமலம் என்ற பெண்ணைப் பற்றியது. முதலமைச்சர் திடீரென்று இறந்துபோக, பெரிய தலைகளுக்குள் சண்டை தீராமல், நாற்காலியைச் சூடாக வைத்திருக்க ஒரு வாயில்லாப் பூச்சி வேண்டும் என்று அவளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அவளோ, வருடக்கணக்காக எல்லோருடைய தொலைபேசிப் பேச்சையும் கேட்டிருப்பவள்.

அண்ணன் கோபமாகச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நாங்கள் சத்தத்தைக் குறைத்து வைத்துப் பார்த்தோம். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, பதவியேற்ற செங்கமலத்தின் முன்னால் கட்சிப் பொதுச்செயலாளர் கோப்பு ஒன்றை நீட்டி, "கையெழுத்து போடும்மா, மத்ததை நாங்க பாத்துக்கறோம்" என்கிறார். அவள் பேனாவை எடுக்கிறாள். நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம்.

"படிச்சிப் பாக்காம போடாத" என்றது சுவர்.

நானும் அக்காவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். செங்கமலம் கோப்பைப் புரட்டிப் படித்து, கையெழுத்துப் போடாமல் திருப்பிக் கொடுத்தாள். கட்டில் கிறீச்சிட்டது. அண்ணன் எங்கள் பக்கம் திரும்பிவிட்டார். "தலகாணிய கொஞ்சம் உசத்தி வைம்மா" என்றார் அக்காவிடம். அதன் பிறகு அவர் சுவரைப் பார்த்துப் படுக்கவே இல்லை.

ஒரு வாரத்தில் எங்கள் இருவரையும்விட அவர்தான் தீவிரமாகிவிட்டார். கால் பயிற்சியைத் தொடர் ஓடும்போதுதான் செய்வார். செங்கமலம் சட்டசபையில் பேசினால் கால் வேகமாக உயரும், தோற்றால் அப்படியே நின்றுவிடும். நான் வேலையிலிருந்து வரத் தாமதமானால் ஜன்னல் வழியாகக் குரல் வரும்: "எப்சி, இன்னும் இன்னா பண்ணிகினு கீற?" ஒரு நாள், நல்லவராக வந்துகொண்டிருந்த நிதியமைச்சர் திரையில் தோன்றியதும் அண்ணன் நீளமாகப் பெருமூச்சு விட்டார். அக்கா உடனே டிவியை நிறுத்தினார்.

"நீங்க தனியா பாத்துட்டீங்க."

"யாரு? நானா?"

"அவன் துரோகம் பண்ணப்போறான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

போர்மேனாகப் பல பேரை விசாரித்தவர் தன் விசாரணையில் ஒரு நிமிடம்கூடத் தாங்கவில்லை. நாங்கள் கடைக்குப் போயிருந்தபோது இரண்டு எபிசோடு பார்த்துவிட்டதை ஒப்புக்கொண்டார். தண்டனையாக அந்த வாரம் முழுக்க ரிமோட் என் கைப்பையில் இருந்தது.

செங்கமலத்தை அவர் கண்மூடித்தனமாகக் கொண்டாடினார் என்று நினைக்க வேண்டாம். நாள் தவறாமல் திட்டுவார். தன்னை வளர்த்துவிட்டவரையே அவள் கட்சியை விட்டு நீக்கியபோது அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. "அந்தம்மா நல்லவங்க இல்ல. ஆனா அந்தம்மா பண்றதுதான் சரி" என்று சொல்லிவிட்டு ரசத்தைக் குடித்தார். பிறகு அது எங்கள் மூவருக்கும் வழக்கச் சொல்லாகிவிட்டது. விலை அதிகமாகச் சொல்லும் காய்கறிக்காரரைப் பற்றியும் அதையே சொல்வோம்.

ஆனால் ஒரு காட்சி அவரை யோசிக்க வைத்தது. கட்சியின் செயற்குழுக் கூட்டம். தேநீர் கொண்டுவரும் பெண்ணைச் செங்கமலம் நிறுத்தி, "உன் பேர் என்ன? உட்காரு. நீயும் கட்சிக்காரிதானே" என்கிறாள். அன்றைய எபிசோடு முடிந்ததும் அண்ணன் அக்காவிடம் கேட்டார்.

"நம்ம கமிட்டி மீட்டிங்குக்கு டீ யாரு போடறது?"

"நாங்கதான். பெண்கள் ஐக்கியம்."

"போட்டு?"

"குடுப்போம். அப்புறம் டம்ளரைக் கழுவி வெச்சிட்டு ஊட்டுக்கு வருவோம்."

"உள்ள இன்னா பேசிக்கறோம்னு கேட்டதில்லையா?"

"நீங்க கதவ சாத்திக்குவீங்களே" என்றார் அக்கா. கொஞ்சம் பொறுத்து, "இத்தனை வருஷமா நான் ஜாடைமாடையா சொன்னதுதான். டிவில ஒருத்தி சொன்னாத்தான் உங்களுக்குக் காதுல உழுது" என்றார். கோபமாக அல்ல, காய்ந்த துணியை மடித்தபடியே சொன்னார். அண்ணன் தலையைத் தடவிக்கொண்டார். எனக்கு அங்கே உட்கார்ந்திருக்கக் கூச்சமாக இருந்ததால் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அடுத்து நடந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். கமிட்டித் தேர்தல் ஞாயிறு. அண்ணன் ஊன்றுகோலோடு வந்து முன் வரிசையில் உட்கார்ந்தார். ஆயர் வழக்கம்போல, "செயலர் பதவிக்கு யாரை முன்மொழிகிறீர்கள்?" என்று கேட்டு, வழக்கம்போல அண்ணனையே பார்த்தார். அண்ணன் எழுந்து, "நான் எப்சிபா பேரை முன்மொழியறேன்" என்றார்.

சபையில் எப்சிபா என்ற பெயரில் நான் ஒருத்திதான். அது எனக்கு உறைக்கவே கொஞ்ச நேரமானது. எனக்கு வந்தது மகிழ்ச்சி அல்ல, கோபம். எழுந்து நின்று, "என்னை யாருமே கேக்கலியே அண்ணே" என்றேன்.

"இப்ப கேக்கறேன். நிக்கறியா?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பின் வரிசையிலிருந்து ஒரு பெரியவர், இதுவரை இல்லாத வழக்கம் எதற்கு, வீட்டில் கேட்டுச் சொல்லட்டும் என்றார். அதுவரை மறுக்கலாம் என்றுதான் இருந்தேன். அந்த 'வீட்டில் கேட்டு' என் கோபத்தைத் திசை மாற்றிவிட்டது. "நிக்கறேன். ஆனா ஜெயிச்சா முதல் கூட்டத்துக்கு டீ ஆம்பளைங்கதான் போடணும்" என்றேன். பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்த சிரிப்பில் ஆயரும் சேர்ந்துகொண்டார். இன்னொருவர் போட்டியிட்டார். வாக்குச் சீட்டுகளை எண்ணினார்கள். சொற்ப வித்தியாசத்தில் நான் ஜெயித்தேன். முதல் கூட்டத்துக்கு அண்ணனே டீ போட்டார். சர்க்கரை போட மறந்துவிட்டார். யாரும் குறை சொல்லத் துணியவில்லை.

செயலர் பதவியைத்தான் விட்டாரே தவிர, கமிட்டி உறுப்பினராக அவர் இருந்தார். அதே முதல் கூட்டத்தில் நான் என் முதல் தீர்மானத்தைக் கொண்டுவந்தேன். ஒவ்வொரு மழைக்கும் ஆலய வளாகத்தில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். மண் கொட்டி வளாகத்தை உயர்த்தலாம் என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். ஒரு கை மட்டும் உயர்ந்தது.

"நான் எதிர்க்கறேன்" என்றார் சாமுவேல் அண்ணன். "நாம உசந்துட்டா தண்ணி எங்க போவும்? பின்னால சந்துல கீற ஊடுங்களுக்குத்தான் போவும். அவங்க நம்ம சபை இல்லன்னா பரவாயில்லையா?"

தீர்மானம் தள்ளிவைக்கப்பட்டது. முகமெல்லாம் சூடாகி வீட்டுக்கு வந்தேன். என்னைத் தேர்தலில் தானே நிறுத்திவிட்டு, தானே எல்லோர் முன்னாலும் காலை வாரிவிட்டார் என்று இருந்தது. அந்த வாரம் முழுவதும் அவர்கள் வீட்டுப் பக்கம் போகவில்லை. சனிக்கிழமை அக்கா வந்தார். "நீ இல்லாம அவரு டிவி போட உட மாட்டேங்கறாரு. எனக்குக் கதை பாதில நிக்குது எப்சி. உங்க சண்டைக்கு நான் இன்னா பாவம் பண்ணேன்?" என்றார்.

போனேன். அண்ணன் எதுவும் நடக்காதவர் போல நாற்காலியைக் காட்டினார். நான் உட்காரவில்லை.

"என்னை நிக்க வெச்சதே நீங்கதானே அண்ணே?"

"ஆமா. நிக்க வெச்சா, கூடவே நிப்பேன்னு யாரு சொன்னது?" என்றார். பிறகு குரலை இறக்கிக்கொண்டு, "நான் செக்ரட்டரியா இருந்தப்ப ஒருத்தன்கூட இல்லன்னு சொன்னதில்ல எப்சி. எல்லாம் சரின்னு நெனச்சிகினே இருந்துட்டேன். உனக்கு அப்படி ஆவக்கூடாது. நான்தான் உன் எதிர்க்கட்சி" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உட்கார்ந்தேன். அக்கா டிவியைப் போட்டார்.

அந்த வளாகத்துக்கு முதலில் வடிகால் வெட்டினோம், பிறகுதான் மண் கொட்டினோம். சந்துக்காரர்களும் கூடவே நின்று வேலை செய்தார்கள். அந்த வருட மழைக்கு எங்கள் பக்கமும் தண்ணீர் நிற்கவில்லை, அவர்கள் பக்கமும் நிற்கவில்லை. அதை அறிக்கையில் வாசித்தபோது அண்ணன் எழுந்து, வடிகாலின் மூடி சரியில்லை என்றார்.

அதற்குப் பிறகு நான் கொண்டுவந்த எந்தத் தீர்மானத்தையும் அவர் சும்மா விட்டதில்லை. பாடகர் குழுவுக்குச் சீருடை, ஞாயிறு பள்ளிச் சுற்றுலா, எதுவானாலும் அந்தக் கை உயரும். சில நாள் அவர் சொல்வதில் நியாயம் இருக்கும். சில நாள் சும்மா வம்புக்கு எதிர்க்கிறார் என்று தெரியும். கூட்டம் முடிந்ததும் என்னோடு நடந்து வருவார். "இன்னிக்கு நீ நல்லா மடக்கிட்ட" என்பார், தான் தோற்றதை ஒரு சாதனையைப் போல. தொடரின் கடைசி எபிசோடில் செங்கமலம் தேர்தலில் தோற்று எதிர்க்கட்சி வரிசையில் போய் உட்கார்கிறாள். எனக்கும் அக்காவுக்கும் கண் கலங்கியது. அண்ணன் மட்டும் கை தட்டினார். "இப்பத்தான் சரியான எடத்துல உக்காந்துகினு கீது" என்றார்.

அடக்க ஆராதனையில் பேசச் சொன்னார்கள். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவர் பேசிய கதையைச் சொன்னேன். சொல்லலாமா என்று தயங்கியபடியே சொன்னேன். முதலில் சிரித்தது ரோஸ்லின் அக்கா. பிறகுதான் மற்றவர்களுக்குத் தைரியம் வந்தது. அவர் பெட்டி எங்கள் நடுவில் இருக்க, ஆலயம் முழுவதும் சிரித்தது.

அவருடைய காலியிடத்துக்கு அக்காவைத் தேர்ந்தெடுத்தோம். அவர் வந்த முதல் கூட்டத்தில், அண்ணனின் பெயரைப் பொறித்து ஆலயச் சுவரில் ஒரு பளிங்குக் கல் பதிக்கும் தீர்மானத்தை நான் கொண்டுவந்தேன். எல்லோரும் தலையாட்டினார்கள். இதை யார் மறுக்கப்போகிறார்கள் என்று அடுத்த பொருளுக்குப் போகப் பார்த்தேன்.

"எனக்குச் சம்மதமில்ல" என்றார் ரோஸ்லின் அக்கா.

அவர் எழுந்து நின்றார். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாததால் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "மீட்டிங்க பொம்பளைங்களும் வந்து கேக்கலாம்னு சொல்லிட்டீங்க. வராங்க. உக்கார எடமில்லாம செவுத்தோரம் நிக்கறாங்க, பாருங்க. கல்லுக்கு ஆவுற செலவுல நாற்காலி வாங்குங்க. அவரு பேரு எங்க மனசுல கீது, அது போதும்."

நான் அவரிடம் இரண்டு கேள்வி கேட்டேன். இரண்டுக்கும் பதில் சொன்னார். வாக்கெடுத்தோம். என் தீர்மானம் தோற்றது. வெளியே வரும்போது அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "கோச்சிக்கினியா எப்சி?" என்று கேட்டார். "இல்லக்கா, நல்லா மடக்கிட்டீங்க" என்றேன்.

சாமுவேல் அண்ணனிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது ஒன்றுதான். எல்லோரும் தலையாட்டிவிட்டால் எனக்கு இப்போது பயமாக இருக்கிறது. "எதிர்ப்பவர்கள் உண்டா?" என்று கேட்டுவிட்டு, யாராவது ஒருவர் தொண்டையைச் செருமும்வரை காத்திருக்கிறேன்.