கட்டலு

பக்கத்து வீட்டு அக்கா வீட்டை விற்றுவிட்டு ஐப்பசியில் பெங்களூருக்கு, மகனோடு இருக்கப் போவதாக முடிவானபோது, அவருக்கு இருந்த ஒரே கவலை வாசலில் வளர்த்த மழை லில்லிப் பூச்செடிகள். வீட்டை வாங்கியவர்கள் வாசல் முழுக்க சிமெண்ட் போடப்போகிறார்களாம்.

"உன் வீட்டுல அது பூத்ததப் பாத்துட்டா நிம்மதியாக் கெளம்பிருவேன்" என்றார்.

ஆவணியில் அவர் கிழங்குகளைத் தோண்டிக் கொண்டுவந்த நேரம் நான் வேலைக்குப் போயிருந்தேன். பையை என் கணவரிடம் கொடுத்து, தன் வீட்டுத் தெலுங்கிலேயே "கட்டலு" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். தெலுங்கில் எல்லாக் கிழங்குகளும் கட்டலுதான். இவரோ ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர், ராஜபாளையம் மார்க்கெட்டில் காய்கறி வாங்கியே தெலுங்கு படித்த பண்டிதர். இவருக்குத் தெரிந்தது எர்ரகட்டலு மட்டும், அதாவது வெங்காயம். அப்படியே சின்ன வெங்காயக் கூடையில் கொட்டிவிட்டார்.

பார்வைக்கும் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்தன. சாம்பாருக்கு உரிக்க உட்கார்ந்தால், ஒன்றில் நெடியே இல்லை, கண்ணும் எரியவில்லை. விஷயம் புரிந்ததும் எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்குச் சாம்பாரே கிடையாது.

"அவிய கட்டலுன்னுதான சொன்னாவ?" என்று இவர் வேறு நியாயம் பேசினார்.

முகர்ந்து முகர்ந்து பிரித்ததில் என் மூக்கும் குழம்பிப்போனது. சந்தேகப்பட்டதையெல்லாம் மதிலோரம் நட்டேன். முளைத்த தாள்களும் ஒரே மாதிரி. அக்கா தினமும் மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்து, "பூத்துச்சா?" என்பார். மழை வந்தால்தானே பூக்கும்? அதுவோ செண்பகத்தோப்பு மலைப்பக்கம் கறுத்துக் கறுத்துப் போக்குக் காட்டியது.

கிளம்பும் நாளன்று கடைசியாகப் பார்க்க வந்தவர், குனிந்து ஒரு தாளைக் கிள்ளி முகர்ந்தார்.

"ஏட்டி, இது எர்ரகட்டலு!"

நான் இவரைக் காட்டிக்கொடுத்தேன். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கார் தெருமுனை திரும்பும்வரை அதே சிரிப்புதான். பூவைப் பார்க்காமல் போகிறாரே என்று எனக்குத்தான் மனசு கேட்கவில்லை.

அடுத்த வாரம் விடிய விடிய மழை. இரண்டு மூன்று நாளில் வெங்காயத் தாள்களுக்கு நடுவே ரோஸ் நிறத்தில் ஏழெட்டுப் பூக்கள்! போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். பதிலுக்கு அக்காவின் குரல் வந்தது.

"எம்புட்டு அழகா இருக்கு! அந்த எர்ரகட்டலப் பிடுங்கிராத, கூடவே இருக்கட்டும்."

பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம்.

"நான் இங்க வெங்காயம் ஒண்ணும் உரிக்கலட்டி. ஆனாலும் கண்ணுல தண்ணி நிக்க மாட்டேங்கு."