பெரிதாக்கிப் பார்த்த படங்கள்

வெப்சைட்டுக்கு வரும் படங்களுக்குப் பெயர் வைத்து அடுக்குகிற வேலையில் முதல் பாடம், படத்தோடு வரும் பெயரை நம்பக் கூடாது என்பது. உங்கள் போனிலும் 'ஃபைனல்', 'நியூ ஃபைனல்', 'இதுதான் ஃபைனல்' என்று மூன்று இருந்தால் நீங்களும் நம்ம கட்சிதான். சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் எங்கள் ஆபீஸ். முதலாளி ஜோசப் சார். கடைக்காரர்கள் வாட்ஸ்அப்பில் கொட்டும் படங்களைப் பிரித்து, தேடினால் கிடைக்கும்படி பெயர் எழுதி, வெப்சைட்டின் படக் கிடங்கான மீடியா லைப்ரரியில் ஏற்றுவது என் வேலை.

ஒரே புடவை

புடவைக் கடைக்காரர் ஒருவர் வந்து என் மேஜையில் போனை வைத்தார். அதில் இன்னொரு கடையின் வெப்சைட். அதுவும் நாங்கள் செய்ததுதான். 'மாம்பழ மஞ்சள், அரக்கு பார்டர்' என்று அவருடைய புடவை அங்கேயும் இருந்தது, பெயர்கூட மாறாமல். "எங்க படத்தத் தூக்கி அவங்களுக்குக் கொடுத்துட்டீங்களா?" என்று மெதுவாகக் கேட்டார்.

எனக்கே என் மேல் சந்தேகம் வந்துவிட்டது. ஃபோல்டரை மாற்றி ஏற்றிவிட்டேனோ? இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெரிதாக்கினேன். மடிப்பு வேறு, கீழே விரித்த ஜமுக்காளம் வேறு. படம் இரண்டு, புடவை ஒன்று. அதனால்தான் நான் ஒரே பெயர் வைத்திருக்கிறேன். அவர் வெகுநேரம் பார்த்தார். என் மேலிருந்த சந்தேகம் போய்விட்டது, ஆனால் வேறு எங்கேயோ போய் உட்கார்ந்தது என்று முகத்திலேயே தெரிந்தது. "எனக்கு மட்டும்தான் நெய்யறேன்னு சொன்னான்ங்க அந்தத் தறிக்காரன்" என்றார்.

ஆற்றைப் பார்த்த மனை

ஜீயபுரம் பக்கம் மனை விற்கும் ஒருவர் அனுப்பிய படத்துக்கு அவரே 'காவிரி வியூ' என்று பெயர் வைத்திருந்தார். கண்ணுக்கு எட்டிய தூரம் தண்ணீர், ஓரத்தில் வாழை. ஆனால் தண்ணீருக்கு நடுவே மஞ்சளாகச் சிறு புள்ளிகள், வரிசை பிசகாமல். பெரிதாக்கினேன். மனைக்கு நட்ட எல்லைக் கற்கள், தலை மட்டும் வெளியே தெரிந்தன. ஆறு என்று காட்டியது ஆறு இல்லை; விற்கப்போகிற மனையேதான்.

போன் செய்து, "சார், இது ஆறா, மனையா?" என்றேன். "மழை பெஞ்சா எங்கயும்தாம்மா நிக்கும், நீங்க ஏத்துங்க" என்றார். வேலை போனாலும் போகட்டும் என்று ஜோசப் சாரிடம் போனேன். இதை நம்பி ஒருத்தர் வீடு கட்டினால் மழைக்காலத்தில் குழந்தைகளை வைத்துக்கொண்டு எங்கே போவார் என்று கேட்டேன். சார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். தண்ணீர் இல்லாத படமும் தண்ணீர் நின்ற படமும் சேர்ந்து போகட்டும், இல்லையென்றால் வேண்டாம் என்று மனைக்காரருக்குச் சொல்லி அனுப்பினார். மறுநாள் அந்த மனைக்காரர் நேரில் வந்து வேலையைத் திரும்ப வாங்கிக்கொண்டார். போகும்போது சாரிடம் சொன்னார்: "பேர் வைக்கத்தானே கொடுத்தேன், அந்தப் பொண்ண யாரு உத்துப் பாக்கச் சொன்னா?"

பலகையில் இருந்த பெயர்

ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபம். அங்கே நடந்த கல்யாணங்களின் படங்களை வெப்சைட்டுக்கு அனுப்பினார்கள். மேடைக்குப் பின்னால் பூப்பலகையில் மாப்பிள்ளை, பெண் பெயர் இருக்குமே, அதைப் பார்த்தே ஒவ்வொரு படத்துக்கும் பெயர் வைத்தேன். இவ்வளவு ஒழுங்காக யார் செய்வார்கள் என்று எனக்குப் பெருமை.

இரண்டு வருஷம் கழித்து ஒரு டீச்சர் ஆபீசுக்கு வந்தார். திருவானைக்காவலில் வேலை. பெயர் வேண்டாம், ஒரு தடவை நான் எழுதியதே போதும். அவருடைய கல்யாணம் ஒரே வருஷத்தில் முறிந்திருந்தது. ஸ்கூலில் கல்யாணம் ஆனதையே யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அவர் பெயரைத் தேடினால் முதலில் வருவது மாலையும் கழுத்துமாக நிற்கும் படம். பிள்ளைகளின் பெற்றோர் பார்த்துப் பேச ஆரம்பித்திருந்தார்கள். படத்தை அழுத்தினால் மண்டபத்தின் வெப்சைட் திறக்கும் என்பது அவருக்கு ரொம்பத் தாமதமாகத்தான் தெரிந்திருக்கிறது. மண்டபத்தில் எங்களைக் கைகாட்டினார்களாம்.

"இந்தப் பேரப் போட்டது யாருங்க?" என்று கேட்டார். கம்ப்யூட்டர் தானாகப் போடும் என்று சொல்லியிருக்கலாம், அவர் நம்பியிருப்பார். "நான்தாங்க. பலகையில இருந்தத எழுதினேன்" என்றேன். அவர் எதிரிலேயே படத்தை வெப்சைட் பக்கத்திலிருந்தும் லைப்ரரியிலிருந்தும் எடுத்தேன். தேடலிலிருந்து நீக்கச் சொல்லியும் விண்ணப்பம் அனுப்பினேன்; போகச் சில நாள் ஆகும் என்றேன். அவர் திட்டியிருந்தால் தேவலை. தண்ணீர் வாங்கிக் குடித்தார். எழுந்து பையை மாட்டிக்கொண்டு சொன்னார்: "பிரிஞ்சுபோனவர்தான் வன்மம் வச்சுப் போட்டிருக்கார்னு எங்க அண்ணன அனுப்பி, அவர் அம்மா முன்னாடி சட்டையப் பிடிக்க வச்சேன். இப்ப அவங்ககிட்ட யாருங்க போய்ச் சொல்றது?"

அன்றே அந்த மண்டபப் படங்கள் அத்தனைக்கும் பெயரை மாற்றினேன். என் சொந்தக் கல்யாணப் படங்களைக்கூட இப்போது 'மேடை 1', 'மேடை 2' என்றே வைத்திருப்பதால், வீட்டுக்காரர் என்னைத்தான் ஒரு மாதிரி பார்க்கிறார்.