அக்காவின் கடிகாரம் ஐந்து நிமிடம் பின்னால் இருந்தது

அக்கா கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கும் சத்தத்தில்தான் எனக்குப் பல நாள் விடிந்திருக்கிறது. அடுப்பில் தண்ணீரை வைத்துவிட்டு, வெளிச்சம் விழும்படி வாசற்படியில் நின்றுகொண்டு, அந்தச் சின்னத் திருகை இரண்டு விரல்களுக்கு நடுவில் வைத்து உருட்டுவாள். கிர்ர், கிர்ர் என்று சத்தம் வரும். கடைசியில் விரலுக்குக் கொஞ்சம் கனம் தெரியும்போது நிறுத்திவிடுவாள். பிறகு செல்போனில் மணியைப் பார்த்து முள்ளைச் சரிசெய்து, பாக்கு நிறத் தோல்வாரை இடது கையில் கட்டிக்கொள்வாள். ஆண்கள் கட்டும் பெரிய கடிகாரம். அக்காவின் மெலிந்த கைக்காக வாரில் கூடுதலாக இரண்டு ஓட்டை போட வேண்டியிருந்தது.

கொல்லிமலையில் எங்கள் சிற்றூருக்குப் பக்கத்தில் அரசாங்கப் பழத்தோட்டம் ஒன்று இருக்கிறது. அக்கா அங்கே வேலை பார்க்கிறாள். களையெடுப்பது, மிளகுக்கொடி கட்டுவது எல்லாம் மற்றவர்களோடு சேர்ந்து செய்யும் வேலை. அவளுக்கென்று தனியாக ஒன்று உண்டு. தோட்டத்து மூலையில், கம்பிவேலிக்குள், முழங்கால் உயரத்துக்கு ஒரு மழைமானி நிற்கிறது. தினமும் காலை எட்டரை மணிக்கு அதைத் திறந்து, உள்ளே சேர்ந்த நீரை அளவுக் குவளையில் ஊற்றிப் பார்த்து, நோட்டில் எழுதி, கீழே இருக்கும் ஆபீசுக்குப் போன் செய்து சொல்ல வேண்டும். முன்னே பின்னே அளந்தால் ஒரு நாள் மழை அடுத்த நாள் கணக்கில் போய்விடும். அதனால் எட்டரை என்றால் எட்டரைதான்.

முன்பு அவளிடம் பேட்டரி கடிகாரம்தான் இருந்தது. ஒரு நாள் அது சொல்லாமல் நின்றுபோனது. வயலில் இருந்தவள் ஏழே முக்கால் என்றே நினைத்துக்கொண்டிருந்தாள். போய்ச் சேர்ந்தபோது ஒன்பது மணி தாண்டிவிட்டது. எட்டரை என்றே எழுதியிருக்கலாம். அவள் உள்ளபடி நேரத்தை எழுதி, அடியில் கோடு போட்டாள். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அடுத்த வாரம் பேளுக்குறிச்சி சந்தைக்குப் போனவள், பழைய கடிகாரங்களைத் துணியில் பரப்பி வைத்திருந்த ஒருவரிடம் இதை வாங்கிக்கொண்டு வந்தாள். இந்தக் காலத்தில் யார் தினமும் சாவி கொடுத்துக்கொண்டிருப்பார்கள் என்று நான் சிரித்தேன்.

“நாம மறந்தாத்தான் இது நிக்கும் கண்ணு,” என்றாள். “நின்னா அது என் தப்பு. அது போதும் எனக்கு.”

அந்தக் கடிகாரத்தோடு வாழ்வதற்கு அவளுக்குக் கொஞ்ச நாள் பிடித்தது. கிழங்கு தோலுரிக்கும்போதும் துணி துவைக்கும்போதும் கழற்றி ஆணியில் மாட்ட வேண்டும். பனி நாளில் கண்ணாடிக்குள் ஆவி படரும். முந்தானையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஒரு நாளைக்கு ஒன்றரை நிமிடம் அது பின்தங்கும் என்பதைக் கண்டுபிடித்தாள். சந்தேகம் தீர்வதற்காக ஒரு மாதம் முழுவதும் நோட்டின் ஓரத்தில் பென்சிலால் குறித்து வந்தாள். பழுது பார்க்கக் கொடுக்கலாமே என்று கேட்டேன். தினமும் ஒரே மாதிரி பிந்துகிற கடிகாரத்துக்கு என்ன பழுது என்று திருப்பிக் கேட்டாள்.

பிறகு அந்த ஐப்பசி மழை வந்தது. முதல் நாள் காலையில் வழக்கம்போல் முள்ளைச் சரிசெய்து கட்டிக்கொண்டு போனாள். மத்தியானத்துக்குள் கரண்ட் போனது. சாயங்காலம் டவர் போனது. இரவுக்குள் எங்கள் இரண்டு பேருடைய செல்போனும் அணைந்துவிட்டன. பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டிருந்ததால் நானும் வீட்டில் இருந்தேன். நான் செம்மேட்டில் ஆசிரியை. இரண்டாம் நாள் செம்மேட்டுச் சாலையில் ஓடைக்குப் போட்டிருந்த குழாய் தண்ணீரைத் தாங்காமல், அந்த இடமே அறுத்துக்கொண்டு போய்விட்டது. மேலத்தெருவில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி எடுத்தது. நான்கு பேர் போர்வையில் தூளி கட்டி, இடுப்பளவு தண்ணீரில் அவளைத் தூக்கிக்கொண்டு அக்கரைக்குப் போனார்கள். நல்லபடியாகப் பிள்ளை பிறந்தது என்ற செய்தி வரும்வரை ஊரில் யாரும் படுக்கவில்லை.

அத்தனைக்கும் நடுவில் அக்கா மழையை அளக்கப் போய்க்கொண்டிருந்தாள். பாத்திரம் நிரம்பி வழிந்துவிடக் கூடாது என்று பகலில் நாலைந்து முறை போய் அளந்து கொட்டிவிட்டு வந்தாள். ஒவ்வொரு முறையும் நேரத்தை எழுதினாள். மூன்றாம் நாள் காலையில் எனக்குக் கோபம் வந்துவிட்டது. மண் சரிந்துகொண்டிருக்கிறது, ஏதோ ஒரு எண்ணை எழுதினால் யாருக்குத் தெரியப்போகிறது என்று கத்தினேன். குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிற நான் அப்படிச் சொன்னேன் என்பதை இப்போதும் மறைக்க விருப்பமில்லை. அக்கா சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கிளம்பினாள். தனியே விட மனமில்லாமல் நானும் கூடப் போனேன்.

நான்காம் நாளும் போனேன். அவள் மழைமானியைத் திறந்தபோது அவள் கையிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தேன். எட்டு இருபத்தைந்தரைதான் ஆகியிருந்தது. அவசரப்படுகிறாயே என்று சொன்னேன்.

“இல்ல கண்ணு, இப்பத்தான் எட்டரை,” என்றாள். முள்ளைத் தொடாமல், மூன்று நாளின் பின்தங்கலை மனத்துக்குள்ளேயே கூட்டிக்கொண்டு வந்திருக்கிறாள்.

அன்று மழை விட்டது. சாயங்காலம் சாலையைப் பார்க்க ஓர் அதிகாரி வந்தார். உடைந்த இடம்வரை ஜீப்பில் வந்து, அங்கிருந்து நடந்து தோட்டத்துக்கு வந்தார். அங்கே கட்டப்போகும் புதுப் பாலம் எவ்வளவு தண்ணீரைத் தாங்க வேண்டும் என்று முடிவு செய்ய அவருக்கு மழைக் கணக்கு வேண்டியிருந்தது. நோட்டைப் புரட்டியவரின் முகம் மாறியது. அக்கா அதுவரை எழுதியதிலேயே பெரிய எண் அது. கீழே இவ்வளவு பெய்யவில்லையே என்றார். இதை நம்ப முடியாது என்றால் கீழே அளந்த கணக்கைத்தான் எடுத்துக்கொள்வோம் என்றும் சொன்னார். அப்படி எடுத்திருந்தால் மறுபடியும் அதே அளவுக் குழாய்தான் வந்திருக்கும்.

“கரண்டும் இல்ல, டவரும் இல்ல. மணி எப்படிம்மா பாத்தீங்க?” என்று கேட்டார்.

அக்கா கையை நீட்டினாள். அவர் தன் செல்போனை எடுப்பதற்குள்ளேயே, “அஞ்சு நிமிசம் பிந்தி இருக்கோணுங்க,” என்றாள்.

அவர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். சரியாக ஐந்து நிமிடம். அக்கா நோட்டின் ஓரத்தைக் காட்டினாள். ஒவ்வொரு அளவுக்கும் பக்கத்தில் கடிகாரம் காட்டிய நேரமும், அதிலிருந்து கூட்டிய சரியான நேரமும் பென்சிலில் இருந்தன. மழையில் ஊறி வெளுத்திருந்த அவள் விரல் அந்த வரிசையில் கீழே இறங்கி வந்தது. அவர் வெகுநேரம் படித்தார். பிறகு நோட்டை மூடி, இரண்டு கையாலும் பிடித்து அவளிடம் கொடுத்தார்.

“உங்க கணக்கையே எழுதிக்கிறேன்மா,” என்றார்.

அக்கா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வீட்டுக்கு வந்ததும் ஈரவாரை அடுப்பு மேட்டில் காய வைத்துவிட்டுப் படுத்தவள், விடியும்வரை அசையவில்லை. நான்தான் தூங்காமல் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இவள் எனக்கு அக்கா என்ற நினைப்பே நெஞ்சை நிறைத்தது.

ஓடையின் மேல் இப்போது உயரமான பாலம் இருக்கிறது. போன ஐப்பசியிலும் அதே மாதிரி மழைதான். செம்மேட்டுக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். பாலத்துக்கு அடியில் செம்மண் தண்ணீர் இரைச்சலோடு போய்க்கொண்டிருந்தது. டிரைவர் வேகத்தைக்கூடக் குறைக்கவில்லை. பக்கத்தில் மடியில் வாழைத்தாரோடு உட்கார்ந்திருந்த பெண், எவ்வளவு தண்ணி போகுது பாருங்க என்றார்.

“எங்க அக்கா அளந்த தண்ணிங்க,” என்றேன்.

அவர் விளங்காமல் என்னைப் பார்த்தார். செம்மேடு வருவதற்குள் முழுவதையும் சொல்லி முடித்துவிட்டேன்.