குழிக்கு ஒரு கைப்பிடி

கருமாதிப் பந்தலைப் பிரிப்பதற்குள் செல்வகுமார், செத்துப்போன தன் அண்ணன் வீட்டிலிருந்த பம்பு செட்டுச் சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டான். அம்பிகா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். புருஷன் போன துக்கத்துக்கு நடுவிலும், கொழுந்தன் அதைச் செய்த சாவகாசம் அவள் நெஞ்சில் தைத்தது.

கிணறு அண்ணன் தம்பிக்குப் பொது. செவ்வாயும் வெள்ளியும் தண்ணீர் பாய்ச்ச அம்பிகா வீட்டு முறை. சாவியைக் கேட்கப் போனபோது அவன் வாய்க்காலில் கால் கழுவிக்கொண்டே சொன்னான்.

"ஷூ கம்பெனிக்குப் போறவளுக்கு மொறத் தண்ணி இன்னாத்துக்கு அண்ணி? நெலத்த எனக்கு எழுதிக் குடுத்துட்டு நிம்மதியா இரு."

அம்பிகா ஆம்பூர் கம்பெனியில் பல வருஷமாக அப்பர், அதாவது ஷூவின் மேல்தோல், தைக்கிறவள். தோலில் ஊசி தப்பாக இறங்கினால் பிரித்துத் தைக்க முடியாது, ஓட்டை ஓட்டைதான். அவள் மனசும் அந்த ரகம். நிலத்தை விடுவதில்லை, அந்தச் சாவியை அவனே கொண்டுவந்து கொடுக்கும்வரை ஓய்வதும் இல்லை என்று வைராக்கியம் கொண்டாள்.

கம்பெனி வேனில் கூட வரும் முத்துமாரிதான் அவளை ஒரு விவசாயப் பயிற்சி முகாமுக்கு இழுத்துப்போனாள். அங்கே ஒரு பெண் அதிகாரி ஜவ்வரிசி மாதிரி ஒரு குருணையைக் காட்டினார். மாவுச்சத்தில் செய்த ஜெல். ஊறவைத்தால் பருத்துக் கூழாகும். வேரடியில் வைத்துவிட்டால், மண் காயக் காயத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விடும். பிறகு மண்ணோடு மக்கிவிடும்.

"மழைத் தண்ணில ஊற வைங்கம்மா. உப்புத் தண்ணின்னா பாதிகூடப் பருக்காது," என்றார் அதிகாரி.

தகரக் கூரையில் வழிந்த மழையை அம்பிகா டிரம்களில் பிடித்தாள். குழிக்கு ஒரு கைப்பிடி ஜெல், எரு, அதன்மேல் முள்ளுக்கத்திரி நாற்று. வெயில் ஏறியதும் வாரம் ஒருநாள் பஞ்சாயத்துக் குழாயில் பிடித்துவந்து செடிக்கு ஒரு சொம்பு ஊற்றினாள்.

"இன்னா அண்ணி, செடிக்குப் பாயசமா ஊத்தற? முந்திரி போட்டியா?" என்று வரப்பிலிருந்து சிரித்தான் செல்வகுமார்.

"காய்க்கட்டும், உனக்கும் ஒரு டம்ளர் தரேன்."

பங்குனியில் கிணறு இறங்கி அவன் பக்கம் மண் வெடித்தது. இவள் செடிகளில் காய் தொங்கியது. அடுத்த நடவுக்கு முன் அவனே வந்தான். குருணை எங்கே கிடைக்கும், எவ்வளவு போடணும், எவ்வளவு நேரம் ஊறணும் என்று கேட்டான். கேட்டதற்கெல்லாம் அம்பிகா ஒழுங்காகப் பதில் சொன்னாள். எந்தத் தண்ணீர் என்று அவன் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

தோல் பதனிடும் டேனரி வந்த நாளிலிருந்தே அந்தக் கிணற்றில் உப்புதான். அதில் சோறு வடித்தால் மஞ்சளாகும். குடிக்கக் குழாய்த் தண்ணீரோ கேன் தண்ணீரோதான். ஆனால் பழகிப்போன உப்பு யாருக்கு நினைவிருக்கிறது? செல்வகுமார் அந்தத் தண்ணீரிலேயே ஊறவைத்து நட்டான். இனிக் கவலை இல்லை என்று பாய்ச்சலையும் குறைத்தான். செடி துவண்ட பிறகு மோட்டாரைப் போட்டால், கிணற்றில் தண்ணீர் பாதாளத்துக்குப் போயிருந்தது. பாதிக்கு மேல் கருகிவிட்டது.

ஓரகத்தி மனோரமா வரப்பில் நின்று கேட்டாள். "அக்கா, உங்களுக்குத் தெரியாமயா இருந்திருக்கும்?"

அம்பிகா காய் பறிப்பதை நிறுத்தவில்லை.

ஒரு மழை பெய்து கிணறு ஊறியதும் செல்வகுமார் சாவியோடு வந்தான்.

"தெரிஞ்சேதான சொல்லாம இருந்த?"

"ஆமா."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்."

"சாவி என்கிட்ட இருந்திருந்தா சொல்லியிருப்பேன்."

அவன் அதை நீட்டினான். "டிரம்முல இருக்கற மழத் தண்ணி அடுத்த நடவுக்குக் கெடைக்குமா அண்ணி?" என்றான்.

"செவ்வாக்கெழம என் மொற. அது முடியட்டும், பாக்கலாம்."

மனோரமா அதற்குப் பிறகு அவளோடு பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கிருந்து வந்துகொண்டிருந்த கறிக்குழம்பும் நின்றது. அம்பிகாவுக்கு உறுத்தியது அது ஒன்றுதான்.

செவ்வாய்க்கிழமை கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு மோட்டாரைப் போட்டாள். செடிகளுக்குத் தண்ணீர் தேவையே இல்லை. அந்த உப்பு தன் மண்ணுக்கும் நல்லதல்ல என்று அவளுக்குத் தெரியும். செல்வகுமார் அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். முறை முடிகிறவரை அவள் மோட்டாரை நிறுத்தவில்லை.