பன்னிரண்டு பிளக்கும் ஒரு வெள்ளிக் கப்பும்

1. முதற் சுற்றில் வந்த இருமல்

முதல் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றியபோதே விளங்கிவிட்டது. நுனி முழுக்கக் கரி. அடுத்ததும் அப்படித்தான். பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சின், பன்னிரண்டு பிளக், எல்லாமே கறுப்பு. ரேஸில் ஒரு சுற்று முடிவதற்குள் எங்கள் கார் இருமி இருமி, ஓடுபாதையோரம் கார் திருத்துகிற பிற்றுக்குள் வந்து நின்றுவிட்டது. எங்களைத் தாண்டிப் போனவற்றில் பாதி, சனம் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிடுகிற உள்ளூர்க் குடும்பக் கார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் நின்றவர்கள் சிரித்தது எனக்குக் கேட்டது. கோதாரி விழுந்த காரே, இன்றைக்குத்தானா உனக்கு இது வரவேணும் என்று திட்டிக்கொண்டு, விரல் வேக வேகப் பிளக் மாற்றினேன்.

ஏன் அப்படித் திட்டினேன் என்றால், அப்போது மெல்பேர்ணில் இருந்த தமிழ்க் குடும்பங்களில் எனக்குத் தெரிந்த அத்தனையும் அந்த வேலிக்குப் பின்னால் நின்றன. கூட்டிக்கொண்டு போனவன் நான்தான்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. இத்தாலியில் இருந்து விலை கூடிய ஸ்போர்ட்ஸ் கார் இறக்குமதி செய்கிற ஒருவரின் வேர்க்ஷொப்பில் நான் மெக்கானிக். யாழ்ப்பாணத்தில் லொறி எஞ்சின் கழற்றிப் பழகிய கை. சேர்விஸ் பகுதியில் இருந்த என்னை அவர்தான், எங்கள் பொஸ், ரேஸ் அணிக்கு எடுத்தார். பிற்றில் நின்ற கறுத்த முகம் என்னுடையது ஒன்றுதான். அந்தப் பெருமையில் எனக்குக் கால் நிலத்தில் படவில்லை. "எங்கட கார் ஓடுது, வந்து பாருங்கோ" என்று வீடு வீடாகச் சொல்லித் திரிந்தேன். பரமலிங்கம் அண்ணை மல்கிரேவில் இருந்து குடும்பத்தோடு கட்டுச்சோறும் கட்டிக்கொண்டு வந்தார். மெல்பேர்ணில் நான் புதிதாக வந்திறங்கிய நாளில் இருக்க இடம் தந்தவர் அவர்.

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகள் ஒன்றைத் தெரிந்து வையுங்கள். விலை கூடிய கார் என்பதற்காக அது ரேஸில் வெல்லாது. இந்தக் காரைச் செய்த கம்பனியின் முதலாளி, தெருவில் ஓடுகிற கார் செய்வதுதான் தன் வேலை, ரேஸ் வேண்டாம் என்று இருந்தவராம். அவருடைய எஞ்சினியர்மாருக்கு ஆசை விடவில்லை, வாங்கியவர்களுக்கும் விடவில்லை. ரேஸுக்கென்று செய்யாத காரை ஆளாளுக்கு மாற்றி ஓட்டினார்கள். சின்ன ஓட்டங்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாக வென்றது. நீண்ட ஓட்டம் என்றால் சூடேறும், கிளச் எரியும், பாதி வழியில் நிற்கும். வென்ற படங்களை மட்டும் பொஸ் ஷோரூம் சுவரில் மாட்டியிருந்தார். அவற்றைப் பார்த்துவிட்டுத்தான் நானும் எங்கள் ஆட்களிடம் அளந்தேன்.

2. "ஆக்கள் கேட்கட்டும்"

பிளக் கறுத்த காரணத்தையும் சொல்லவேண்டும். ரேஸ் எஞ்சினை முதலில் சாதாரணப் பிளக் போட்டுச் சூடாக்குவோம். பிறகு அதைக் கழற்றி ரேஸ் பிளக் போடுவோம். ரேஸ் பிளக் முழு வேகத்துக்கென்றே செய்தது. அதைப் போட்டபின் எஞ்சினை நிறுத்தி வைத்து, கூப்பிட்டதும் ஸ்ராற் பண்ணி ஓடவேண்டியதுதான். நிறுத்தி வைத்த காரில் எஞ்சினைச் சும்மா ஸ்லோவில் ஓடவிட்டால் கரி பிடித்து அடைத்துவிடும்.

ஆனால் எங்கள் வேர்க்ஷொப் கார் விற்கிற இடம். வாங்க வருகிறவருக்கு முன்னால் எஞ்சினை ஸ்ராற் பண்ணி, அவர் முகம் மலரும்வரை ஸ்லோவில் ஓடவிடுவது அங்கே வழக்கம். அந்தச் சத்தத்துக்காகவே கார் வாங்கினவர்கள் உண்டு. அன்று பொஸ் தன் வாடிக்கையாளர்களைப் பிற்றுக்குள் கூட்டிவந்து, ஷோரூமில் செய்வதையே அங்கேயும் செய்தார்.

"பொஸ், ரேஸ் பிளக் போட்டாச்சு. நிப்பாட்டுவம், கரி பிடிச்சிடும்" என்றேன்.

"இன்னும் கொஞ்சம் ஓடட்டும் பாலன். ஆக்கள் கேட்கட்டும்" என்றார்.

கேட்டார்கள். ஒரு சீமாட்டி கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அதன் பிறகு நடந்ததைத்தான் முதலில் சொல்லிவிட்டேன். புதுப் பிளக் போட்டு அனுப்பினோம், கடைசியாக வந்தது.

வாடிக்கையாளர்களில் ஒருவர் என்ன நடந்தது என்று கேட்டார். பொஸ் என் தோளில் கை வைத்தார். பாலன் பிளக் போட்டதில் ஒரு சின்னப் பிழை, பழகிக்கொண்டு வருகிற பையன் என்றார். குரலில் கோபமே இல்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வேலியோரம் வந்து நின்ற பரமலிங்கம் அண்ணையும் பார்த்தார். அவருக்கு ஆங்கிலம் நன்றாக விளங்கும்.

என் மானம் அன்று கப்பலேறியது. வாய் திறந்தால் திரும்பவும் சேர்விஸ் பகுதிக்குத்தான் என்று பயந்து பேசாமல் நின்றேன். அண்ணை கட்டுச்சோற்றுப் பொதியை நீட்டி, "சாப்பிடும் தம்பி" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை.

3. சிட்னியில் கப்

அடுத்த ரேஸ் சிட்னிப் பக்கம். இந்த முறை சாவியை என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். காரைப் பின்பக்கம் தள்ளிக்கொண்டு போய்ச் சூடாக்கி, பிளக் மாற்றி, ட்ரைவர் ஏறும்வரை ஒருவரையும் கிட்ட விடவில்லை. கார் அருமையாக ஓடியது. குடும்பக் கார்கள் இந்த முறையும் முன்னால்தான். ஆனால் ரேஸில் கார்களை வகுப்பு வகுப்பாகப் பிரித்தும் பரிசு கொடுப்பார்கள், எங்கள் வகுப்பில் நாங்கள் முதலாம் இடம்.

எங்கள் வகுப்பில் ஓடியது இரண்டு கார். மற்றது ஒரு டொக்டருடைய அதே கம்பனிக் கார். அது கிளச் எரிந்து பாதியில் நின்றுவிட்டது.

ஹெல்மெற்றைக் கழற்றிக்கொண்டு ட்ரைவர் என்னிடம் வந்தார். "அண்டைக்கு நீ பொஸ்ஸிட்டச் சொன்னது எனக்குக் கேட்டது. இப்ப எல்லாருக்கும் முன்னால சொல்லு. நானும் சொல்லுறன்" என்றார்.

சொல்லத்தான் வாய் எடுத்தேன். அதற்குள் பொஸ் வந்து வெள்ளிக் கப்பை என் கையில் திணித்தார். போன முறை விட்ட பிழையைப் பாலன் திருத்திக்கொண்டான் பாருங்கள் என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். கை தட்டினார்கள். படம் எடுக்கிறவர் சிரிக்கச் சொன்னார். நான் சிரித்தேன். ட்ரைவர் என்னை ஒருதரம் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். சிரித்ததோடு பிழை என்னுடையதாகிவிட்டது. அந்தப் படம் பொஸ்ஸின் விளம்பரமாகப் பேப்பரில் வந்தது. வகுப்பில் முதலிடம் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். எத்தனை கார் ஓடியது என்று போடவில்லை.

4. மல்கிரேவில் விருந்து

பரமலிங்கம் அண்ணை அந்தப் பேப்பரை வெட்டி, கண்ணாடிச் சட்டம் போட்டு, ஹோலில் மாட்டிவிட்டார். விருந்துக்கும் கூப்பிட்டார். போகாமல் இருக்க முடியுமா?

அவருடைய மனுசி குசினிக்குள் இருந்து எட்டிப் பார்த்து, "எத்தினை கார் ஓடினது தம்பி?" என்று கேட்டா.

"ரெண்டு அக்கா" என்றேன். "மற்றது இடையில நிண்டிட்டுது."

"ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரையாம்" என்றா அவ. வீடே சிரித்தது. நானும் சிரித்தேன். உண்மையைச் சொன்னதில் நெஞ்சு கொஞ்சம் இலேசாகி, மற்றதையும் சொல்லிவிடுவோம் என்று நினைத்தேன்.

அதற்குள் அண்ணை எனக்காக வக்காலத்து வாங்கினார். "சும்மா இருமப்பா. அண்டைக்குப் பிளக்கில விட்ட பிழையைத் திருத்தி வெண்டு காட்டியிருக்கிறான். அதெல்லோ பெரிசு. என்ன தம்பி?"

அவர் என்னை நம்பவில்லை என்று இல்லை. பிழை விட்டவன் என்று நம்பியபடியே என்மேல் இத்தனை அன்பு வைத்திருந்தார். அவருடைய சந்தோஷத்தைக் கெடுக்க மனம் வரவில்லை.

"ஓம் அண்ணை" என்றேன்.

பொஸ் சொன்னது பொய். ஆனால் அந்த "ஓம்" நான் சொன்னது. வேர்க்ஷொப்பில் பயந்தேன் என்றாவது சொல்லலாம். அந்த வீட்டில் எனக்கு யாரிடம் பயம்? பிள்ளைகளே, உங்கள்மேல் ஒரு பொய்ப்பழி விழுந்தால் அந்த இடத்திலேயே மறுத்துவிடுங்கள். பிந்தினால் அதை நம்புகிறவர்கள் நல்லவர்களாகவும் இருப்பார்கள், அப்போது வாய் வராது.

அண்ணை கடைசிவரை அந்தப் படத்தைக் கழற்றவில்லை. அந்த வீட்டுக்குப் போகும்போதெல்லாம் நான் ஒரே கதிரையில்தான் இருப்பேன். அதில் இருந்தால் படம் முதுகுக்குப் பின்னால் வரும். அது எனக்குப் பிடித்த இடம் என்று நினைத்து, அண்ணை வேறொருவரையும் அதில் இருக்க விடமாட்டார்.