நாற்பத்தேழாம் பாத்தி

அரசாங்க நெல் ஆராய்ச்சி நிலையத்தில் அவளுக்கு எல்லோரும் வைத்த பெயர் இடுக்கியக்கா. நெல்பூவின் நுனியைக் கத்தரித்து, உள்ளிருக்கும் ஆறு மகரந்தப் பைகளையும் சின்ன இடுக்கியால் நசுங்காமல் எடுத்துவிட்டு, வேறொரு ரகத்தின் மகரந்தத்தை அதில் உதறிக் காகித உறை மாட்டுவது அவள் வேலை. பத்தொன்பது வருஷம் அதைத்தான் செய்தாள். பட்டம் வாங்கி வந்தவர்களுக்கு முப்பது பூ முடிப்பதற்குள் நாக்குத் தள்ளிவிடும். இவள் இருநூறை முடித்துவிட்டு யாருக்காவது பேன் பார்த்துக்கொண்டிருப்பாள்.

வாசலில் ஒரு விதி உண்டு. சோதனை முடியாத விதை வெளியே போகக் கூடாது. வீட்டுக்குக் கிளம்பும்போது மடியையும் பையையும் உதறிக் காட்ட வேண்டும். காவல்காரர் பாதி நாள் கண்டுகொள்ள மாட்டார். மற்றவர்கள் அவ்வப்போது ஒரு பிடி அள்ளிப்போய்த் தங்கள் வயலில் விதைப்பது எல்லோருக்கும் தெரியும். இடுக்கியக்கா மட்டும் யாரும் கேட்காமலே நின்று உதறுவாள். மடியில் ஒட்டிக்கொண்டு வந்த ஒற்றை நெல்லைக் கொடுக்கப் பாதி வழியிலிருந்து திரும்பி நடந்தவள் அவள்.

வெள்ளம் தாங்கும் நெல்லுக்கான திட்டம் தொடங்கி ஒன்பதாவது வருஷம், ஆறு கரையை உடைத்துக்கொண்டு நிலையத்துக்குள் வந்தது. பன்னிரண்டு நாள் தண்ணீர் நின்றது. வடிந்த பிறகு பார்த்தால் எல்லாம் அழுகல். அவள் கை வைத்து உண்டாக்கிய நாற்பத்தேழாம் பாத்தி மட்டும் மறுபடி பச்சை விட்டது. திட்டத்தை நடத்திய விஞ்ஞானி டாக்டரம்மா சேற்றிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டார்.

அறுவடை முடிந்ததும் தம்பி வந்தான். அவன் வயல் ஆற்றோரப் பள்ளம். மூன்று வருஷமாக விதைத்ததெல்லாம் தண்ணீருக்கே போயிருந்தது.

"ஒரு கைப்பிடி போதும்க்கா. நானே பெருக்கிக்கறேன்."

"வெளிய கொண்டுவரக் கூடாதுடா. இன்னும் ரெண்டே பருவம் பொறு. நோய், பூச்சி எல்லாம் பாத்துட்டு அரசாங்கமே கொடுக்கும்."

"அதுவரைக்கும் ஆறு பொறுக்குமா?"

அப்போதும் அவள் கொடுக்கவில்லை. அதன்பிறகு அந்தப் பாத்தி வரப்பில் யார் கால் வைத்தாலும் கழுத்தைப் பிடித்துத் தள்ளாத குறைதான்.

அரசாங்கமும் பொறுக்கவில்லை. பத்து வருஷம் பணம் போட்டும் ஒரு ரகம்கூட வெளியே வரவில்லை என்று மேலே யாரோ எழுதினார்கள். நெல் அவ்வளவு காலம் கேட்கும் என்று அந்த மகராசனுக்கு யார் எடுத்துச் சொல்வது? திட்டம் நின்றது. டாக்டரம்மாவை வேறு ஊருக்கு மாற்றினார்கள். விதையைக் குளிர் அறையில் பூட்டினார்கள். சில மாதத்தில் அந்த அறைக்கு மின்சாரத்தையும் நிறுத்தினார்கள்.

இரண்டு மழைக்காலம் கழித்து அறையைத் திறந்தபோது, முளைக்கிறதா என்று பார்க்க அவளைத்தான் கூப்பிட்டார்கள். நாற்பத்தேழில் நூறு நெல்லை எண்ணி ஈரத்தாளில் பரப்பினாள். பத்து நாள் காத்திருந்தாள். ஒன்றுகூட முளைக்கவில்லை. இன்னொரு நூறு, இன்னொரு நூறு. மூன்றாவது நூறும் அழுகியபோது வயிறெரிந்து அழுதாள். அதற்குள் தம்பி வயலை விற்றுவிட்டுக் கிடங்கில் மூட்டை தூக்கப் போயிருந்தான்.

போன மாதம் டாக்டரம்மா வீடு தேடி வந்தார். ஓய்வு பெற்றுவிட்டவர், தலை முழுக்க நரை. கொடுத்த டீ ஆறிப்போனது. அதன்பிறகுதான் வந்த காரியத்தைச் சொன்னார்.

"வேற நிலையத்துல திரும்ப ஆரம்பிக்கிறாங்க. உயிரோட ஒரு பிடி நெல்லு கிடைச்சாப் போதும், ஒன்பது வருஷம் மிச்சம். நம்மாளுங்க எல்லார் வீட்டுக்கும் போயிட்டேன். எந்தெந்தப் பாத்தி நெல்லோ வச்சிருக்காங்க. நாப்பத்தேழு மட்டும் யார்கிட்டயும் இல்ல. நீ காவல் நின்னதால பயந்துட்டாங்களாம்."

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நீயாவது கொஞ்சம் எடுத்து வச்சிருப்பேல்ல? நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

திருடாமல் இருந்துவிட்டதற்காக இடுக்கியக்கா வாழ்க்கையில் முதல்முறையாக வெட்கப்பட்டாள்.

"ஒரு மணிகூட இல்லம்மா. என் தம்பி கேட்டான். அவனுக்கே கொடுக்கல."