வெள்ளிக்கிழமைப் பழம்

எனக்குப் பன்னிரண்டு வயது நடந்தபோது சோற்றை நிறுத்தினார்கள். வெள்ளைக்காரன் ஆண்ட காலம். இரண்டாவது உலகச் சண்டைக்குச் சில வருடங்கள் முந்தி. வகுப்பில் இரண்டு தரம் வலிப்பு வந்து விழுந்தேன். மூன்று மாதம் வலிப்பில்லாமல் இருந்தால்தான் திரும்ப வரலாம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டார்கள். அதுவரை எனக்குக் கொழும்பில் எங்கள் வெள்ளவத்தை வீட்டின் முன்னறையும் கம்பி போட்ட யன்னலும்தான். யன்னலுக்கு அப்பால் மற்றப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ரயில் போகும். அந்த ரயிலை நான் வெறுத்தேன்.

சீமையில் படித்து வந்த டொக்டர் ஒருவர் புதுச் சாப்பாடு எழுதித் தந்தார். வெண்ணெய், முட்டை, தேங்காயின் முதற்பால், கொஞ்சம் கீரை. அம்மாவுக்கு விளங்கும்படி சொன்னார்: "உடம்பு அடுப்பு மாதிரி அம்மா. சோறுதான் அதுக்கு விறகு. விறகில்லையெண்டா கொழுப்பை எரிக்கும். அப்ப ரத்தத்தில ஊறுற சாமான்தான் மூளைக்குத் தீனி. அதில மூளை அடங்கியிருக்கும்."

கூடாதவற்றின் பட்டியல் இங்கிலீசில் இருந்தது. அம்மாவுக்கு அந்தப் பாஷை தெரியாது. ஐயா, "சோறு, பாண், சீனி கூடாது" என்று பாதி வாசித்துவிட்டுப் புதுக்கடை நீதிமன்றத்துக்கு வேலைக்கு ஓடிவிட்டார். கடைசி வரியில் பழமும் இருந்ததை நான்தான் வாசித்தேன்.

திங்கட்கிழமைதோறும் டொக்டர் வந்து என் சிறுநீரில் மருந்து கலந்து பார்ப்பார். ஊதா நிறம் வந்தால் கொழுப்பு எரிகிறது என்று அர்த்தம். ஊதா வரத்தான் செய்தது. ஆனாலும் சனிக்கிழமைகளில் விழுந்துகொண்டே இருந்தேன்.

"வேற ஏதும் குடுத்தனீங்களோ?"

"ஒரு பருக்கை காட்டேல்லை டொக்டர்."

அம்மா பொய் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் மீன், இறைச்சி என்று மச்சம் எதுவுமில்லை, முட்டையும் மச்சந்தான். எனக்குச் சுகம் வரவேண்டுமென்று அம்மா வெள்ளி விரதம் பிடித்தா, என்னையும் பிடிக்க வைத்தா. விரதத்தில் பாலும் பழமும் சாப்பாடென்று கணக்கில்லை. நாலு கதலிப்பழம்! வாரம் முழுக்க வெண்ணெய் விழுங்கிய வாய்க்கு அது தேவாமிர்தம். சொன்னால் பழம் போய்விடும். சொல்லாவிட்டால் பள்ளிக்கூடம் போய்விடும். திருடனுக்குத் தேள் கொட்டிய கதையாக இரண்டு மாதம் கிடந்தேன்.

ஒரு திங்கட்கிழமை பொறுக்க முடியாமல், அம்மா பக்கத்தில் நிற்க, "அடுத்த தரம் சனிக்கிழமை வாருங்கள்" என்று டொக்டரிடம் இங்கிலீசில் சொன்னேன். அம்மா என் இங்கிலீசைக் கேட்டுப் பெருமையாகச் சிரித்தா.

சனிக்கிழமை ஊதா வரவில்லை.

"நேற்று என்ன குடுத்தனீங்கள்?"

"நேற்று விரதமெல்லோ. பாலும் பழமும்தான்."

"பழத்திலயும் இனிப்புத்தானே அம்மா. அது உள்ள போனா உடம்பு கொழுப்பை எரிக்கிறதை விட்டிடும்."

அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டா.

அடுத்த வெள்ளிக்கிழமை, தலை தோய்ந்து திருநீறு பூசி வந்து, முட்டை அவித்து உரித்தா. தன் கையாலேயே எனக்கு ஊட்டினா.

"நீ இங்கிலீசு வாசிப்பாயெல்லே. பழம் கூடாதெண்டு அந்தத் தாளில இருந்ததே பிள்ளை?"

"நான் வடிவாப் பாக்கேல்லை அம்மா."

"நல்ல காலம். நீ தெரிஞ்சு சாப்பிட்டிருந்தா நான் தாங்கமாட்டன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. முட்டை பிடிக்கவில்லையாக்கும் என்று நினைத்து, மிச்சப் பாதியில் வெண்ணெய் தடவித் தந்தா.